கரிசல் நாட்டிற் காளாஞ்சகப்படை

முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் வெள்ளிச் செதிலாய் உதிரும் காளாஞ்சகப்படையைக் குஷ்டமென்று மயங்கி அஞ்சுவது நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. இரண்டும் வெவ்வேறு வியாதிகளென்று வியன்னா நகரத்து வைத்தியர் ஹெப்ரா தெளிவாக வகுத்துரைத்தது 1841-ஆம் ஆண்டிலேதான்.

கரிசல் நாட்டுக் கோவில்பட்டி, பசுவந்தனை வட்டாரங்களுக்குத் தெற்கே, பாளையங்கோட்டையில் 1964-இல் சித்த மருத்துவக் கல்லூரி தோன்றுமுன்னரே, தென்னாட்டு வைத்தியர்கள் இந்நோய்க்கு வெட்பாலையை நம்பினார்கள். பால் வடியும் பச்சிலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயிலிட்டுச் சில நாள் வெயிலில் வைத்தால், எண்ணெய் முழுதும் கருநீலமாய் மாறிவிடும். அதற்கு வேண்டிய வெயிலுக்குக் கரிசல் காட்டில் என்றுமே பஞ்சமில்லை.

மேனாட்டு வைத்தியத்திலோ, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், தம் குழுவினரோடு அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் என்னும் ஔஷதங்களை உருவாக்கினார். அவற்றுள் முன்னதை மூட்டுவாதத்துக்குக் கொடுத்த அமெரிக்க வைத்தியர்கள், நோயாளியின் காளாஞ்சகப்படையும் மறையக் கண்டு 1951-இல் வெளியிட்டார்கள். பின்னதோ இன்றும் இந்நோய்க்கு வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் உட்கொள்ளும் மாத்திரையாக வழங்குகிறது. தினமும் விழுங்கினால் உயிருக்கே அபாயம்.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உயிரியல் ஊசிகள் வந்தன. 2003-இல் அங்கீகாரம் பெற்ற எஃபாலிசுமாப், கொடிய மூளைநோய் சிலருக்குக் கண்டதால் 2009-இல் திரும்பப் பெறப்பட்டது. பெங்களூர் பயோகான் 2013-இல் இட்டோலிசுமாபையும், சைடஸ் நிறுவனம் 2014-இல் அடாலிமுமாப் என்னும் மற்றோர் ஊசியின் மலிவான நிகரியையும் இந்தியச் சந்தைக்குக் கொணர்ந்தன. அடாலிமுமாப் போன்றவற்றைத் தொடங்குமுன் உள்ளடங்கிய காசநோய் உண்டாவென்று சோதித்தல் அவசியம். நாளடைவில் சரீரம் ஊசிமருந்தையே அந்நியமெனக் கருதி எதிர்ப்பொருள்களை உண்டாக்க, பலன் குன்றி, வேறோர் ஊசிக்கு மாறவேண்டி வருவதுமுண்டு. சில மருந்துகளை விட்டுவிட்டுப் போடுவதால் இவ்விபரீதம் அதிகமாகிறது.

அடாலிமுமாபோ இரு வாரத்துக்கொரு முறை தவறாமற் போடவேண்டியது. புரட்டாசியில் விதைத்துத் தை, மாசியில் அறுவடை காணும் மானாவாரிச் சம்சாரியின் கையிலோ பணம் புரள்வது ஆண்டுக்கொரு முறை. மழை பொய்த்த வருஷத்தில் அவர் ஊசியை நிறுத்துவதும், அடுத்த வெள்ளாமைக்குப் பின் மீண்டும் தொடங்கிப் பலன் காணாமல் வேறு மருந்தை நாடுவதும் வைத்திய சாஸ்திரத்தின் குறையால் மட்டும் நேர்வனவல்ல. ஆகவே, மருந்து மாற்றத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், ஔஷதங்கள் தோன்றிய ஆண்டுகளோடு, அவற்றுக்குக் கிரயம் கொடுக்கும் குடும்பத்துக்கு எந்த மாதத்தில் வருமானம் வருகிறதென்பதையும் சேர்த்தெழுதக் கடமைப்பட்டவராவர்.