உழைப்பு நீங்கிய தேகம்

பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில், பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோவின் மாளிகை வளாகத்தில் 1877ஆம் ஆண்டில் ஊன்றப்பட்ட ரப்பர்க் கன்றுகளின் வழிவந்த மரங்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருந்தோட்டங்களாய் விருத்தியடைந்து, தமிழகத்துக் கிராமங்களிலிருந்து நம்மவரைக் கங்காணிகளின் மூலம் குடும்பம் குடும்பமாய்ச் சுங்கை சிப்புட், தாப்பா முதலிய இடங்களுக்கு வரவழைத்தன. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்து, குனிந்தும் நிமிர்ந்தும் பட்டையைச் சீவி, வெயில் ஏறியதும் மங்கு என்னும் கிண்ணங்களில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றிக் காண்டாக் கம்பில் சுமந்த அந்த ஜனங்களுக்கு, உண்ட சோறும் சர்க்கரை மிகுந்த தேநீரும் உழைப்பிலேயே செலவாயின.

1950களில் பெருந்தோட்டங்களைக் கூறுபோட்டு விற்கும் தோட்டத் துண்டாடல் தொடங்கிற்று. அதைத் தடுக்கச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியபோதிலும், பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் என்னும் தோட்டக் குடியிருப்புகளைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங் போன்ற இடங்களில் குடியேறி, தொழிற்சாலையிலும் லாரியிலும் காவற்பணியிலும் ஜீவனம் தேடின. பிரயாசை குறைந்தது, சோறும் சர்க்கரையும் குறையவில்லை; செலவாகாதது கொழுப்பாய்த் தேகத்தில் தங்கிற்று.

கொழுப்பு சும்மா கிடக்கும் சேமிப்பன்று என்பது, 1994இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டின் என்னும் ஹார்மோனைக் கண்டறிந்தபோது தெளிவாயிற்று. கொழுப்பணுக்களில் சுரக்கும் அது, போதுமென்று மூளைக்கு அறிவிப்பது. ஆனால் தேகம் பருத்து லெப்டின் மிகும்போது, பசி அதன் சொல்லுக்குக் கட்டுப்படாமற் போயினும், பரிவு நரம்புகளை அது தூண்டுவது நிற்பதில்லை. அந்நரம்புகளின் ஏவலால் சிறுநீரகம் உப்பைத் தேக்குகிறது. மிகுந்த இன்சுலினும் அதற்கே துணைபோக, கொழுப்பிலிருந்து பிறக்கும் ஆஞ்சியோடென்சினோஜன் ஆஞ்சியோடென்சினாக மாறி, இரத்தக்குழாய்களைச் சுருக்கி, உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டிரோனையும் சுரக்கச் செய்கிறது. இவ்வாறு இரத்த அழுத்தம் ஏறுகிறது. பிறவியிலேயே லெப்டின் இல்லாதவர்கள் மிகப் பருத்திருந்தும் இரத்தக்கொதிப்புக்குப் பெரும்பாலும் ஆளாகாதது இந்தச் சம்பந்தத்துக்குச் சான்று.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, வயது வந்த மலேசியரில் பாதிப்பேர் மிகை எடையினர் என்றும், பத்தில் மூவருக்கு இரத்தக்கொதிப்பு உண்டென்றும், நீரிழிவு இந்தியரிடையே மிகுதியென்றும் கண்டது. இதைச் சோம்பலின் பலனென்று இகழ்வோர், உழைப்பைப் பறித்துக்கொண்டு அதற்கு ஈடாக ஒன்றும் தராத சரித்திரத்தை மறந்தவராவர். எடை சிறிது இறங்கினாலே அழுத்தமும் இறங்குமாதலால், கோயில் மண்டபந்தோறும் இரத்த அழுத்தச் சோதனையும், தமிழ்ப்பள்ளித் திடல்தோறும் மாலை நடையும் ஏற்படுத்துவது, இம்மக்களுக்கு நாம் செலுத்தவேண்டிய கடனாகும்.