சுகைலியின் மேல்தளச் சீரமைப்பும் பம்பாய்த் தச்சுவேலையும்

1968-69இல் நடந்த கோல்டன் குளோப் பாய்மரப் போட்டியில் புறப்பட்ட ஒன்பதின்மருள் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவரே உலகைச் சுற்றிப் பயணத்தை நிறைவு செய்தார். இவ்வெற்றி பெரும்பாலும் அவரது மனவுறுதியின் பயனாகவே விளக்கப்படுகிறது. 'சுகைலி' என்னும் அவரது 32 அடிப் படகின் கட்டுமானமும் அதே அளவு கவனத்திற்குரியது. அது பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பெற்று 1964இல் நீரில் இறக்கப்பட்டது.

1968 செப்டம்பரில் தென்பெருங்கடலில் பேரலையொன்று படகைப் பக்கவாட்டில் கவிழ்த்தது. மேல்தளத்து அறை தன் இருப்பிடத்தினின்று நகர்ந்தது. விளிம்புகளில் விரிசல் தோன்றியது. சுக்கானைத் தானே இயக்கும் காற்றுத்தகட்டுப் பொறியும் சேதமுற்றது. துறைமுகத்தில் ஒதுங்கிப் பிறர் உதவி பெறப் போட்டி விதி இடந்தரவில்லை. ஆகவே, அறையைக் கடலிலேயே அவர் வலுப்படுத்த வேண்டியதாயிற்று. மரக்கட்டுமானத்தில் இது இயல்வதே: தளர்ந்த இணைப்பில் புதிதாகத் துளையிடலாம், கட்டை வைத்து முடுக்கலாம். தேக்கின் எண்ணெய்ப்பசை இரும்பாணியை எளிதில் துருப்பிடிக்க விடுவதுமில்லை. ஓக் மரத்திற்கு இந்நற்பண்பு கிடையாது. காற்றுத்தகட்டுப் பொறியின் நிலையோ வேறு. ஆஸ்திரேலியாவை நெருங்கியபோது அது முற்றாகச் செயலிழந்தது. அதன்பின் பாய்களைச் சமன்செய்தே அவர் படகைச் செலுத்தினார்.

1969 ஏப்ரல் 22 அன்று சுகைலி ஃபால்மத்தை அடைந்தது. வேகத்தில் அதனை விஞ்சிய, ஒட்டுப்பலகையாலான நைஜல் டெட்லியின் மூவுடற்படகு அடுத்த மாதம் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே சிதைந்து மூழ்கியது.