‘சோலோ’: ஒரு வசைச்சொல் செய்யும் வேலை

பெரு நாட்டின் தலைநகர் லிமா. வீட்டு வேலை செய்யும் பெண்ணை எசமானி ‘சோலா’ என்கிறாள், அது வசை. இரண்டு நண்பர்கள் தோளில் தட்டி ‘சோலோ’ என்கிறார்கள், அது பாசம். யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பதில்தான் பொருள் இருக்கிறது.

(சே குவேராவின் ‘சே’ போல அழுத்தி உச்சரிக்க வேண்டும்.) பூர்வகுடி வழிவந்தவர், ஆண்டிஸ் மலையிலிருந்து நகரத்துக்கு வந்தவர் என்பது இன்றைய பொருள். வேர் இன்னும் கொடியது. இன்கா தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் பிறந்த கார்சிலாசோ தெ லா வேகா, 1609இல் வெளியான தன் நூலில் இதை விளக்குகிறார்: இச்சொல்லுக்கு நாய் என்று பொருள், அதுவும் சாதி நாயல்ல, இழிந்த நாய், கலப்பில் பிறந்தவர்களை அவமதிக்கவே ஸ்பானியர் இதைச் சொன்னார்கள்.

‘சாதி நாய்’ என்பதற்கு அவர் எழுதிய சொல் ‘காஸ்தீசோ’. அது ‘காஸ்தா’விலிருந்து வந்தது. போர்ச்சுக்கீசியர் நம் மண்ணில் கண்ட சமூகப் பிரிவுகளுக்கு வைத்த பெயரும் அதே காஸ்தாதான். ஆங்கிலத்தின் ‘காஸ்ட்’ அதன் வழி வந்தது.

பெருவில் ‘சோலெயார்’ என்று ஒரு வினைச்சொல்லே உண்டு: ஒருவரைச் சோலோ என்று இழிவுபடுத்துவது. வெள்ளையர் மட்டும் இதைச் செய்வதில்லை. சற்று வெளிர்ந்த நிறம், சற்று நல்ல ஸ்பானியம், நகரத்தில் சில ஆண்டு வாசம் போதும். நேற்று வசை வாங்கியவர் இன்று தனக்குக் கீழே ஒருவரைத் தேடிக்கொள்கிறார். அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வை அறிந்த நமக்கு இது புதிதா என்ன?

1969 ஜூன் 24 அன்று ஜெனரல் வெலாஸ்கோவின் அரசு நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. ‘இந்தியோ’ என்ற இழிபெயரை நீக்கி, அந்நாளை ‘உழவர் நாள்’ ஆக்கியது. எழுத்தறியாதோருக்கு வாக்குரிமை கிடைத்ததோ 1979 அரசமைப்பில்தான். பெயர் மாறியது, பார்வை மாறவில்லை. 1980 முதல் 2000 வரையிலான உள்நாட்டு மோதலில் சுமார் 69,000 பேர் இறந்தனர் அல்லது காணாமல்போயினர் என்று உண்மை ஆணையம் 2003இல் மதிப்பிட்டது. நான்கில் மூவர் கெச்சுவா முதலிய பூர்வகுடி மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அந்தச் சாவுகளை நாட்டின் மற்றவர்கள் தங்கள் இழப்பாக உணரவேயில்லை என்றும் ஆணையம் சொன்னது.

வசைச்சொல் செய்யும் வேலை இதுதான். முதலில் பெயரை நாயாக்குகிறது. பிறகு சாவையும் அப்படியே கடந்துபோகப் பழக்குகிறது.

இன்று பெருவின் இளைஞர்கள் பலர் ‘ஆம், நான் சோலோதான்’ என்று நிமிர்ந்து சொல்கிறார்கள். நாம் அதை வரவேற்கிறோம். கூடவே ஒன்று கேட்கிறோம்: அந்த எசமானி வீட்டுப் பெண்ணால் அதே சொல்லை அதே நிமிர்வோடு சொல்ல முடிகிறதா? முடிகிற நாளில்தான் அந்தச் சொல் உண்மையில் மீட்கப்பட்டிருக்கும்.