உயரம் பாய்ந்தவர்களும் ஓடுபாதை கேட்கும் ஊர்களும்

பெரும்போக அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகும் மாசி மாதத்தில் உருத்திரபுரத்திற்குச் செல்வோர் ஒரு காட்சியைக் காணத் தவறமாட்டார்கள். இரணைமடுக் குளத்து நீரை நம்பி வாழும் அந்தக் குடியேற்றக் கிராமத்தின் வாய்க்கால் ஓரத்து வெளிகளில், மாலை வெயில் தணிந்ததும் சிறுவர்களும் சிறுமிகளும் வெறுங்காலுடன் ஓடிக்கொண்டிருப்பார்கள். பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடைபெறும் காலம் அது. சுண்ணாம்புத் தூளால் இட்ட கோடுகளே அவர்களுக்கு ஓடுபாதை. மண்வெட்டியால் கொத்திப் பதப்படுத்திய குழியே நீளம் பாய்தலுக்கான களம்.

இச்சிறார்களிடம் உலகப் புகழ்பெற்ற வீரர்களின் பெயர்களைக் கேட்டால் தயங்காமல் பத்துப் பேரைச் சொல்வார்கள். அவர்களுள் துடுப்பாட்டக்காரர்களும் ஐரோப்பிய உதைபந்தாட்டக்காரர்களுமே பெரும்பான்மையினராக இருப்பர். இலங்கைக்கு ஆசிய விளையாட்டு விழாவில் முதல் தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தவர் யார் என்று கேட்டால் பலர் மௌனமாகி விடுவார்கள். இந்த மௌனத்திற்கு அவர்கள் பொறுப்பாளிகள் அல்லர். சொல்லிக் கொடுக்கத் தவறிய நாமே பொறுப்பாளிகள்.

அந்தப் பெருமைக்குரியவர் யாழ்ப்பாணம் பெரியவிளானில் 1934ஆம் ஆண்டு பிறந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மைதானத்தில் உயரம் பாயப் பழகிய அவர், பதினெட்டு வயது நிறைவதற்கு முன்னரே 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பங்குபற்றினார். 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் களமிறங்கினார். 1958ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரத்தைத் தாண்டித் தங்கம் வென்றார். நான்கு ஆண்டுகளின் பின்னர் ஜகார்த்தாவில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அமெரிக்காவில் உயர்கல்வி கற்றுக் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், ஆபிரிக்க நாடுகளிலும் பப்புவா நியூகினியிலும் கற்பித்தார். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர் தாயகம் வந்து கல்வி, புனர்வாழ்வுப் பணிகளிலும் ஈடுபட்டார். 2024ஆம் ஆண்டு அவர் காலமானபோது, அந்தத் தங்கம் வென்று ஏறத்தாழ அறுபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கடலையே களமாகக் கொண்டவர்களும் எம்மிடையே இருந்தனர். தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டு பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து வரலாறு படைத்தார். வல்வெட்டித்துறையின் வி. எஸ். குமார் ஆனந்தன் 1971இல் அதே நீரிணையை இந்தியக் கரை வரை நீந்திச் சென்று, நீந்தியே திரும்பியும் வந்தார். இதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் 51 மணித்தியாலங்கள். கின்னஸ் ஏட்டில் பல சாதனைகளைப் பதித்து, ஆழிக்குமரன் என மக்களால் அழைக்கப்பட்ட அவர், 1984ஆம் ஆண்டு ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர்நீத்தார். அவர் பெயரால் அவரது ஊரில் இன்று நீச்சல் தடாகம் ஒன்று அமைந்துள்ளது. ஒருவரின் சாதனை அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு பயன்பட வேண்டும் என்பதற்கு அத்தடாகம் நல்லதோர் எடுத்துக்காட்டு.

துடுப்பாட்டத்தில் முத்தையா முரளிதரனின் பெயரை அறியாதார் இல்லை. கண்டியில் பிறந்து, அங்குள்ள புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்ற அவர், 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தி 2010ஆம் ஆண்டு காலியில் ஓய்வு பெற்றார். ஒருநாள் போட்டிகளில் அவர் பெற்றவை 534 விக்கெட்டுகள். இவ்விரு எண்ணிக்கைகளையும் எவரும் இன்றுவரை எட்டவில்லை. அவர் வழியில் சுழற்பந்து வீசும் யாழ்ப்பாணத்து விஜயகாந்த் வியாஸ்காந்த், யாழ். மத்திய கல்லூரியிலிருந்து புறப்பட்டு, 2024ஆம் ஆண்டு ஐ.பி.எல். தொடரில் ஹைதராபாத் அணிக்காக விளையாடினார்.

பெண்களின் சாதனைகளைத் தனித்துக் குறிப்பிடுதல் எமது கடமை. போர்க்காலத்தில் சொந்த நிலத்தைவிட்டு இடம்பெயர்ந்து இயங்கிய வயாவிளான் மத்திய கல்லூரியின் மாணவி தர்ஜினி சிவலிங்கம். 2.08 மீற்றர் உயரமான இவர், வலைப்பந்தாட்டத்தில் உலகின் மிகச் சிறந்த எய்துநர்களில் ஒருவராக மதிக்கப்பட்டார். 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அவ்வணியின் தூணாக நின்றவர் அவரே. அவுஸ்திரேலியக் கழக அணிகளும் அவரை அழைத்துக்கொண்டன. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைப் பலமுறை புதுப்பித்தார்.

இதுவரை நாம் கூறிய பெயர்களை மீண்டும் ஒருமுறை நோக்குங்கள். பெரியவிளான், தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை, கண்டி, வயாவிளான், தெல்லிப்பழை. இப்பட்டியலில் வன்னி எங்கே?

வன்னி மண்ணில் ஆற்றல் இல்லை என்று எவரும் கூற முடியாது. முல்லைத்தீவு மாவட்டத்தின் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி என்னும் அம்மையார், 2023ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்றார். 800 மீற்றரில் வெண்கலமும் பெற்றார். அப்போது அவருக்கு வயது 72. அதே மாவட்டத்தைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி, 2022ஆம் ஆண்டு பாகிஸ்தானில் நடைபெற்ற குத்துச்சண்டைப் போட்டியொன்றில் தங்கம் வென்று திரும்பினார். எழுபத்திரண்டு வயதில் தங்கம் வெல்லும் கால்களை இருபது வயதில் கண்டறிந்து வளர்த்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்வி எம் மனத்தை விட்டு அகல மறுக்கிறது.

வன்னியின் வீரர்கள் ஏட்டில் ஏறாமைக்குக் காரணங்கள் உண்டு. 2008ஆம் ஆண்டின் இறுதியில் போர் நெருங்கியபோது உருத்திரபுரத்து மக்களும் ஏனைய கிளிநொச்சி மக்களைப் போலவே கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். அவர்கள் கொண்டு சென்றவை பாயும் பானையும் பிள்ளைகளும் மட்டுமே. வெற்றிக் கிண்ணங்களும் சான்றிதழ்களும் அணிப் படங்களும் வீட்டோடு அழிந்தன. பாடசாலைகளின் பதிவேடுகளுக்கும் அதே கதிதான். மீளக் குடியமர்ந்தபோது, 1970களில் மாவட்டத்தையே வென்ற ஓட்டக்காரர் யார் என்பதற்கு முதியவர்களின் நினைவைத் தவிர வேறு சான்று எஞ்சவில்லை. அந்த நினைவுகளும் ஆண்டுதோறும் ஒவ்வொன்றாக எம்மை விட்டு மறைகின்றன.

இரண்டாவது காரணம் இன்றும் தொடர்வது. இல்லப் போட்டியில் வென்ற பிள்ளை கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் எனப் படிப்படியாக ஏறவேண்டும். வலயம்வரை இயல்பான வேகமே போதும். மாகாண மட்டத்திலோ முறையான பயிற்சி இல்லாதவர் நின்றுபிடிக்க இயலாது. உயரம் பாய்வதற்கு மெத்தை வேண்டும். கோலூன்றிப் பாய்வதற்குக் கோலும் வேண்டும், அதைப் பிடிக்கக் கற்றுத்தர ஒருவரும் வேண்டும். வெறுங்காலுடன் புழுதியில் பழகிய பிள்ளை, போட்டியன்று முதன்முறையாகச் செயற்கை ஓடுபாதையில், இரவல் சப்பாத்துடன் ஓட நேர்கிறது. போருக்குப் பின் கிளிநொச்சி நகரில் தொடங்கப்பட்ட பெரிய விளையாட்டு வளாகத்தின் பணிகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டதை மாவட்ட மக்கள் மறக்கவில்லை.

இவற்றையும் தாண்டி வெல்லும் பிள்ளை பாடசாலையை விட்டு விலகியதும் விளையாட்டையும் விட்டு விடுகிறது. பையன் வயலுக்கோ மேசன் வேலைக்கோ போகிறான். பெண்பிள்ளை ஆடைத் தொழிற்சாலை பேருந்தில் விடியற்காலையில் ஏறுகிறாள். ஓட்டக்காரரின் உடல் முழு வலிமை பெறும் வயதில் எம்மவர்கள் ஓடுவதை நிறுத்தி விடுகின்றனர்.

சிறிய இடத்திலிருந்து பெரிய வெற்றி வராது என்ற எண்ணம் சரியானதன்று. கரீபியன் கடலில் சென் லூசியா என்றொரு தீவு உண்டு. அதன் மக்கள்தொகை இரண்டு இலட்சத்திற்கும் குறைவு. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அத்தீவின் ஜூலியன் அல்பிரட் 100 மீற்றர் ஓட்டத்தை 10.72 செக்கன்களில் ஓடித் தங்கம் வென்றார். அந்நாடு பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அவரும் புல்வெளியில் வெறுங்காலுடன் ஓடி வளர்ந்தவரே. ஆனால் பதினான்கு வயதில் அவர் பயிற்சிக்காக ஜமேக்கா சென்றார், பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் பயின்றார். சரியான வயதில் ஒருவர் கண்டுகொண்டு கைதூக்கி விட்டதால் அந்த வெறுங்கால்கள் பாரிஸ்வரை சென்றன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கிளிநொச்சி மாவட்டத்தின் மக்கள்தொகை ஒரு இலட்சத்துப் 13 ஆயிரத்திற்கும் சற்று அதிகம். ஒப்பீடு எட்டாத உயரத்தில் இல்லை.

இந்நிலையில் நாம் முன்வைக்க விரும்புபவை மூன்று. முதலாவது, வன்னியின் ஒவ்வொரு பாடசாலையும் தனது விளையாட்டு வரலாற்றுப் பதிவேட்டை உடனடியாக எழுதத் தொடங்க வேண்டும். ஊரின் முதியவர்களிடம் கேட்டுப் பெயர், ஆண்டு, போட்டி, பெறுபேறு ஆகியவற்றைப் பதிய வேண்டும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு கொப்பியும் ஓர் ஆசிரியரின் அக்கறையும் போதும்.

இரண்டாவது, புலம்பெயர்ந்த எமது உறவுகளுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் உரியது. வென்ற பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுப்பது நல்லதே. எனினும், அடுத்த வெற்றி அதனால் வருவதில்லை. ஒரு பயிற்றுநரின் ஐந்தாண்டுச் சம்பளத்தைப் பொறுப்பேற்றுக்கொள்ளும் சங்கம் ஐம்பது பொன்னாடைகளைவிடப் பெரும்பணி செய்ததாகும்.

மூன்றாவது, மாகாண சபைக்கும் கல்வித் திணைக்களத்திற்கும் உரியது. ஒவ்வொரு பாடசாலைக்கும் எல்லாக் கருவிகளையும் வழங்குவது கடினம் என்பதை நாம் அறிவோம். ஒரு கல்வி வலயத்திற்கு மெத்தையும் கோலும் தடைகளும் கொண்ட ஒரு நிலையமாவது இயங்க வேண்டும். உருத்திரபுரம் போன்ற ஊர்களிலிருந்து பிள்ளைகள் அங்கு சென்று திரும்பப் பேருந்து வசதி வேண்டும். பாடசாலையை விட்டு விலகியோருக்கும் அதன் கதவு திறந்திருக்க வேண்டும்.

எதிர்வீரசிங்கம் டோக்கியோவில் தாண்டிய 2.03 மீற்றர் உயரத்தை வன்னியின் பாடசாலை ஒவ்வொன்றும் தன் சுவரில் ஒரு கோடாக வரைந்து வைக்கலாம். அதன் கீழ் நின்று அண்ணாந்து பார்க்கும் பிள்ளைக்கு, எம்மவர் ஒருவர் இதற்கு மேலாகப் பாய்ந்தார் என்பது கண்ணால் காணும் உண்மையாகும். அந்தக் கோட்டைத் தாண்ட விரும்பும் பிள்ளை கேட்கும் மெத்தையை நாம் கொடுத்தாக வேண்டும்.