காலிக் கல்வெட்டு முதல் பச்சை லேபல் வரை: நாம் அனுப்பும் பார்சலின் வரலாறு

கொஞ்சம் நீண்ட பதிவு. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் பொறுமையாக வாசியுங்கள்.

எமது ஊரில் வெளிநாட்டுக்குப் பார்சல் கட்டாத வீடுகள் குறைவு. கட்டாருக்கும் டுபாய்க்கும் மாசி, மிளகாய்த் தூள், தொதல் போகின்றன. லண்டனுக்கும் மெல்பனுக்கும் தேயிலை, கறுவா, உடுப்பு போகின்றன. உம்மாமார் இரண்டு நாள் உட்கார்ந்து சுற்றிக் கட்டுகிறார்கள். ஆனால் தபாலகத்தில் சுங்கப் படிவத்தை நீட்டியதும், “சாப்பாட்டுச் சாமான் என்று எழுதுங்க மகன், போதும்” என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தப் படிவத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அதை அறிந்தால் இப்படி அவசரமாக எழுத மாட்டோம்.

கொழும்பு தேசிய நூதனசாலையில் காலி மும்மொழிக் கல்வெட்டைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. 1409 ஆம் ஆண்டு திகதி இடப்பட்டது. 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில், மூன்று சமயத்தாருக்கான காணிக்கைகள் அதில் எழுதப்பட்டுள்ளன. சீனப் பகுதியில் 1000 பொன், 5000 வெள்ளி, பட்டு வகைகள், தூபக்கால்கள், வாசனை எண்ணெய் என ஒவ்வொன்றும் அளவோடு வருகிறது. கொடுத்தவர் யார், யாருக்கு, என்ன பொருள், எவ்வளவு. இன்றைய சுங்கப் படிவம் கேட்கும் அதே கேள்விகள்தான். 600 வருடங்களுக்கு முன்பே எமது கடற்கரைக்கு வந்த கல்லில் அதற்கான பதில் வெட்டப்பட்டிருக்கிறது.

அதற்கும் முந்தைய சான்றுகள் கெய்ரோவில் கிடைத்தன. அங்குள்ள பழைய யூத ஆலயம் ஒன்றில் 11, 12 ஆம் நூற்றாண்டு வணிகர்களின் கடிதங்கள் ஏராளமாகச் சேர்ந்து கிடந்தன. அரபு மொழியை ஹீப்ரு எழுத்தில் எழுதிய கடிதங்கள் அவை. ஏடனிலிருந்த வணிகர்கள் மங்களூரிலிருந்த தமது பங்காளி பென் யிஜுவுக்கு காகிதம், சீனி, உலர்ந்த திராட்சை போன்றவற்றை அனுப்பியபோது, என்ன அனுப்புகிறோம், யார் கையில் கொடுத்தோம் என்று கடிதத்திலேயே எழுதினார்கள். கப்பல் கவிழலாம், சாமான் கைமாறலாம். பொருளுக்குச் சாட்சியாக இருந்தது அந்தப் பட்டியல்தான். இந்தக் கடலில் அன்று யூதரும் முஸ்லிம்களும் இந்துக்களும் ஒருவரை ஒருவர் நம்பி வியாபாரம் செய்தார்கள். அந்த நம்பிக்கைக்கு எழுத்தும் துணை நின்றது.

எமது முன்னோர் இதை அமானிதம் என்றார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர் கையிலும் கடல் வியாபாரத்துக்குப் போகிறவர் கையிலும் பொருளை ஒப்படைத்தார்கள். அனுப்புகிறவரையும் கொண்டுபோகிறவரையும் பெறுகிறவரையும் ஊர் அறிந்திருந்தது. தபால் வந்தபோது இந்த முறை மாறியது. முகம் தெரியாத பல கைகள் வழியாகப் பொருள் போகத் தொடங்கியது.

நீராவிக் கப்பல் காலத்தில் காலி முக்கியமான தபால் துறைமுகமாக இருந்தது. பிறகு கொழும்புத் துறைமுகத்தில் அலைதாங்கி கட்டப்பட்டதும் அந்த இடம் கொழும்புக்குப் போனது. 1869 இல் சுங்கக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. எத்தனையோ திருத்தங்களுடன் இன்றும் அதுதான் அடிப்படைச் சட்டம். 1908 இல் தபால் கட்டளைச் சட்டம் வந்தது. பார்சலைக் கொண்டுபோவது தபால் திணைக்களம். அதைத் திறந்து பார்க்கவும் வரி விதிக்கவும் தடுத்து வைக்கவும் அதிகாரம் உள்ளது சுங்கத்துக்கு. “தபாலில் காசு கட்டியாச்சே, பிறகென்ன?” என்று நம்மில் பலர் கேட்பது இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான்.

ஒக்டோபர் 9 ஆம் திகதி பாடசாலைகளில் உலக தபால் தினம் கொண்டாடுகிறோம். 1874 இல் அன்றைய தினம்தான் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் 22 நாடுகள் தபால் ஒப்பந்தம் செய்தன. அதற்கு முன் ஒரு கடிதம் எந்தெந்த நாடுகளைத் தாண்டிப் போகிறதோ அதைப் பொறுத்துக் கட்டணம் மாறியது. இலங்கை 1877 இல் அந்தச் சங்கத்தில் சேர்ந்தது. பார்சலுக்கான தனி ஒப்பந்தம் 1880 இல் பாரிஸில் வந்தது. அப்போது எல்லை 3 கிலோ. பிரித்தானியாவே தன் நாட்டுக்குள் பார்சல் தபாலை 1883 இல்தான் ஆரம்பித்தது. படிவத்தில் இன்றும் பிரெஞ்சுச் சொற்கள் இருக்கக் காரணம், சர்வதேச தபால் சங்கத்தின் உத்தியோகபூர்வ மொழி பிரெஞ்சு. நாம் ஒட்டும் பச்சை லேபலின் பெயர் சி.என். 22. அது 2 கிலோ வரையான, பெறுமதி குறைந்த சிறு பொதிகளுக்கு. பெரிய பார்சலுக்கு சி.என். 23.

1977 இன் பின் எம்மவர்கள் மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கினர். 1985 இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டத்தால் உருவானது. அங்கிருந்து துணியும் ரேடியோவும் குரல் பதிந்த கசட்டும் வந்தன. இங்கிருந்து மாசியும் ஊறுகாயும் போயின. விடுமுறைக்கு வந்து திரும்புகிறவரின் பையில் பத்து வீட்டுப் பார்சல் இருந்தது.

பிறகு உலகம் மாறியது. 2010 ஒக்டோபரில் யெமனிலிருந்து அனுப்பிய அச்சு இயந்திரங்களுக்குள் வெடிகுண்டுகள் இருந்தது தெரியவந்தது. அவற்றில் ஒன்று டுபாயில் பிடிபட்டது. தபாலில் வந்த பென்டனில் போதைப்பொருளால் அமெரிக்காவில் மரணங்கள் பெருகின. 2018 இல் அங்கு சட்டம் கடுமையானது. 2021 ஜனவரி 1 முதல் பொருட்கள் அடங்கிய பொதிகளின் விபரத்தை முன்கூட்டியே மின்னணு முறையில் அனுப்புவது சர்வதேச தபால் விதியானது. அமெரிக்காவில் 800 டொலர் வரையான பொதிகளுக்கு இருந்த வரிச் சலுகையும் 2025 ஓகஸ்ட் 29 ஆம் திகதி நிறுத்தப்பட்டது. பல நாடுகளின் தபால் சேவைகள் அமெரிக்காவுக்கான பொதிகளைச் சில காலம் இடைநிறுத்தின. ஆக, இன்று பார்சலுக்கு முன்னே நாம் எழுதிய சொல் போய்ச் சேருகிறது. அங்குள்ள அதிகாரி அதை வைத்தே முதல் முடிவை எடுக்கிறார்.

அந்தச் சொல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். நோன்பு காலத்தில் சர்பத்துக்கும் பலூடாவுக்கும் போடும் கறுப்பு விதையை நாம் கசகசா என்கிறோம். அது துளசி இனத்து விதை. ஆனால் இந்தியாவில் கசகசா என்றால் அபின் செடியின் விதை. அரபியிலும் கஷ்காஷ் என்றால் அபின் செடிதான். ஐக்கிய அரபு இராச்சியத்தில் அந்த விதை தடைசெய்யப்பட்ட பொருள். ஒரு தாய் ஆசையோடு கட்டிய பொட்டலத்தில் “கசகசா” என்று எழுதியிருந்தால், விளக்கம் சொல்ல வேண்டியவர் அங்கே தனியாக நிற்கும் மகன். இதை அனுப்பாமல் விடுவதே நல்லது. கோடீன், ட்ரமடோல் கலந்த மாத்திரைகளும் அப்படித்தான். இங்கே டொக்டர் எழுதித் தந்த மருந்தாக இருந்தாலும் அங்கே முன் அனுமதி வேண்டும். வெற்றிலையும் அங்கே பிரச்சினைதான்.

வேறு சிலவற்றையும் மனதில் வையுங்கள். பவர் பேங்க், தனி லித்தியம் பற்றரி, மதுசாரம் கலந்த சென்ட், ஸ்ப்ரே டின் ஆகியவை விமானத் தபாலுக்கு ஆகாது. அவுஸ்திரேலியாவில் விதை, மரப் பொருள், தாவரப் பொருள் கடுமையாகச் சோதிக்கப்படும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இறைச்சியும் பால் பொருளும் அனுப்பக்கூடாது. “அன்பளிப்பு” என்ற கட்டத்தில் அடையாளமிட்டால் வரி இல்லை என்பதும் தவறான எண்ணம். பிரித்தானியாவில் 39 பவுண், ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ என அன்பளிப்புக்கும் எல்லை உண்டு. பெறுமதியைக் குறைத்து எழுதினால் பார்சல் தடுக்கப்படலாம். தொலைந்தால் எழுதிய பெறுமதிக்கு மேல் நட்டஈடும் கேட்க முடியாது.

எழுதும்போது “சாப்பாடு” என்று முடிக்காமல், கறுவா 500 கிராம், தேயிலை 1 கிலோ, பருத்திச் சட்டை 2 என்று பிரித்து எழுதுங்கள். உலகச் சுங்கம் பொருளுக்கு இலக்கம் கொடுத்திருக்கிறது. தேயிலை 0902, கறுவா 0906. 1988 முதல் நடைமுறையில் உள்ள முறை இது. ஒன்லைனில் வியாபாரம் செய்யும் எமது சகோதரிகள் தமது பொருளின் ஆறு இலக்கக் குறியீட்டை அறிந்து வைப்பது நல்லது.

கடைசியாக, மிக முக்கியமான விடயம். “இந்தச் சின்னப் பார்சலை மட்டும் கொண்டுபோய்க் கொடுங்க நானா” என்று யாராவது தந்தால், முன்னாலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். பையில் இருப்பதற்குப் பொறுப்பு அதைச் சுமப்பவர்தான். கொழும்புக்கு வரும் வெளிநாட்டுப் பொதிகளிலும் போலி விலாசத்துக்கு வந்த போதைப்பொருள் பிடிபடுவதை அடிக்கடி செய்தியில் பார்க்கிறோம். தெரிந்தவர் கேட்டார் என்பதற்காக அறியாத பொதிக்கு எமது விலாசத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கொடுப்பதில் அதே ஆபத்து இருக்கிறது. அமானிதத்தைப் பேணுவதென்றால், கையில் வாங்கும் முன் அது என்னவென்று அறிந்திருக்க வேண்டும்.

பார்சல் அனுப்பும் முன் அந்த நாட்டின் தடைப் பட்டியலைத் தபாலகத்தில் கேளுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளையை உட்கார வைத்துப் படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள், அவர்களும் பழகட்டும். உங்கள் குடும்ப வட்சப் குழுக்களில் இதைப் பகிருங்கள். வெளிநாட்டில் இருக்கும் எமது பிள்ளைகளை அல்லாஹ் பாதுகாப்பானாக.