இருப்புப்பாதைப் பங்கு முதலீடும் கம்பம் பள்ளத்தாக்கும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இருப்புப்பாதைப் பங்குகள் நீண்டகால முதலீட்டிற்கு ஏற்றவையா என்னும் வினா இன்று பங்குச் சந்தையைச் சார்ந்ததாகக் கருதப்படுகிறது. இக்கட்டுரை அதனை வரலாற்று வினாவாக அணுகுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் உத்தரவாத முறை, உத்தரவாதமின்றி அமைந்த பாதைகள், மதுரை – போடிநாயக்கனூர்த் தடம், இன்றைய பொதுத்துறை நிறுவனப் பங்குகள் ஆகிய நான்கும் ஒப்பிடப்படுகின்றன. பங்குதாரரின் ஆதாயத்தைப் பாதையின் போக்குவரத்தைவிட அரசின் ஒப்பந்தமே பெரிதும் தீர்மானித்து வந்துள்ளது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச் சொற்கள்: இருப்புப்பாதை, உத்தரவாத வட்டி, பங்கு முதலீடு, போடிநாயக்கனூர், கம்பம் பள்ளத்தாக்கு.

முன்னுரை

2018 முதல் 2021 வரை ரைட்ஸ், இர்கான், ரயில் விகாஸ் நிகாம், ஐ.ஆர்.சி.டி.சி., இந்திய ரயில்வே நிதி நிறுவனம், ரயில்டெல் ஆகிய பொதுத்துறை நிறுவனங்களின் பங்குகள் அடுத்தடுத்துச் சந்தைக்கு வந்தன. இவற்றுள் எதனை வாங்கியவரும் தண்டவாளத்தின் உரிமையாளர் ஆவதில்லை. பாதையும் வண்டியை இயக்கும் பொறுப்பும் ரயில்வே அமைச்சகத்திடமே உள்ளன. அமைச்சகத்திற்குக் கடன் தருதல், கட்டுமானம் செய்தல், பயணச்சீட்டு விற்றல் போன்ற பணிகளைச் செய்யும் நிறுவனங்களே சந்தையில் உள்ளன. எனவே இப்பங்குகளின் தன்மையை அறிய அவற்றின் விலையோடு, அவற்றிற்கும் அரசுக்கும் உள்ள உறவையும் ஆராய வேண்டும். அவ்வுறவுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

உத்தரவாத முறை

சென்னை மாகாணத்தின் முதல் இருப்புப்பாதை 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை திறக்கப்பட்டது. அதனை அமைத்த மெட்ராஸ் ரயில்வே நிறுவனமும், 1861இல் நாகப்பட்டினம் – தஞ்சாவூர்ப் பாதையைத் திறந்த கிரேட் சதர்ன் ஆப் இந்தியா நிறுவனமும் இலண்டனில் முதல் திரட்டியவை. பாதை இலாபம் ஈட்டினாலும் ஈட்டாவிட்டாலும் 5 விழுக்காடு வட்டி தருவதாக அரசு உறுதியளித்தது. நிலத்தையும் இலவசமாக வழங்கியது. உபரி இலாபத்தில் நிறுவனத்திற்குப் பங்கு உண்டு, பற்றாக்குறையோ அரசுக்குரியது. பின்னாளில் பொருளியல் வரலாற்றாசிரியர் டேனியல் தோர்னர், இதனைப் பொதுமக்கள் இடர் சுமக்கத் தனியார் நடத்திய முயற்சி என்னும் பொருள்பட விளக்கினார்.

இலண்டன் முதலீட்டாளர் நோக்கில் இது பெயரளவில் பங்கு; தன்மையில் அரசுக் கடன் பத்திரம். வட்டி பவுனில் செலுத்தப்பட்டமையால், 1870களுக்குப் பின் வெள்ளி விலை வீழ்ந்து ரூபாயின் மதிப்பு குன்றியபோதும் அவருக்கு இழப்பில்லை. இந்தியாவில் வரி செலுத்தியோருக்கே சுமை கூடியது. 1876–78 பெரும் பஞ்சத்தில் தமிழகம் மடிந்துகொண்டிருந்தபோதும் உத்தரவாதக் கடப்பாடு நிற்கவில்லை. அரசு பாதையைத் திரும்ப வாங்கும்போது முந்தைய மூன்றாண்டுச் சந்தை விலையின் சராசரியையே அடிப்படையாகக் கொள்வது பழைய ஒப்பந்தங்களின் பொதுவிதியாக இருந்தது. உத்தரவாதத்தால் பங்கின் விலையை உயர்த்திய அரசே அவ்வுயர்ந்த விலையைக் கொடுக்கவும் நேர்ந்தது. தாதாபாய் நௌரோஜியும் ரமேஷ் சந்திர தத்தும் இம்முறையைக் கண்டித்தனர். இருப்புப்பாதையைவிட நீர்ப்பாசனத்திற்கே முதலிடம் வேண்டும் என்பது தத்தின் வாதம். கம்பம் பள்ளத்தாக்கிற்கு 1895இல் பெரியாற்று நீர் வந்தது. அதற்கு 33 ஆண்டுகளுக்குப் பின்னரே ரயில் போடிக்கு வந்தது.

உத்தரவாதமற்ற பாதைகள்

உறுதியளிப்பு இல்லாதபோது முதலீடு என்னவாயிற்று என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உள்ளது. இந்தியன் டிராம்வே நிறுவனம் 1865இல் அரக்கோணம் – காஞ்சிபுரம் பாதையை வட்டி உத்தரவாதமின்றித் திறந்தது. அதனால் தனித்து நிலைக்க இயலவில்லை. கர்நாடிக் ரயில்வே எனப் பெயர் மாறி உத்தரவாத முறைக்குள் புகுந்து, 1874இல் கிரேட் சதர்ன் நிறுவனத்தோடு இணைந்து தென்னிந்திய ரயில்வே நிறுவனமாயிற்று. அடுத்த ஆண்டே அந்நிறுவனத்தின் திருச்சிராப்பள்ளி – மதுரைப் பாதை திறக்கப்பட்டது. அதிலிருந்த அம்மையநாயக்கனூர் நிலையமே, இன்றைய கொடைக்கானல் சாலை நிலையம், கம்பம் பள்ளத்தாக்கிற்கு நெடுங்காலம் அருகமைந்த ரயில் வாயிலாக இருந்தது.

பள்ளத்தாக்கின் மேற்கு மலைகளில் மற்றொரு சான்று உள்ளது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் தேவைக்காக 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது. 1908இல் அது இரண்டடி அகலச் சிறுபாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷன் வரை அதில் சென்ற தேயிலை, கம்பிவடத்தில் கொட்டகுடி அடிவாரத்திற்கு இறங்கி, போடி வழியாக மாட்டுவண்டிகளில் அம்மையநாயக்கனூரை அடைந்தது. 1924 பெருவெள்ளத்தில் குண்டளைப் பாதை அழிந்தது, மீண்டும் அமைக்கப்படவில்லை. அழிந்ததை மீட்பதா, கைவிடுவதா என்பதைத் தோட்டத்தின் வரவு செலவே முடிவு செய்தது. போக்குவரத்தை நம்பிய முதலீட்டின் இயல்பான இடர் இதுவே.

போடிநாயக்கனூர்த் தடம்

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகச் செல்லும் ஏறத்தாழ 90 கி.மீ. பாதை 1928இல் திறக்கப்பட்டது. மலையிலிருந்து சரக்கை இறக்கிய குண்டளை ரயில் அதற்கு நான்காண்டுகள் முன்பே மறைந்திருந்தது. ஏலக்காயும் பருத்தியும் விளைபொருள்களும் இருந்தும் இத்தடம் ஒரு கிளைப்பாதையாகவே நின்றது. இரண்டாம் உலகப்போரின்போது போர்த் தேவைக்காக அதன் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன.

முதலீட்டு வரலாற்றில் கருதத்தக்க நிகழ்வு இது. 1890 இறுதியில் பழைய தென்னிந்திய ரயில்வே நிறுவனத்தை அரசு வாங்கியபின், பாதை அரசுடைமை. நிர்வாகம் புதிய நிறுவனத்தினது. அதன் சிறு மூலதனத்திற்கு உத்தரவாத வட்டி உண்டு. ஆகவே ஒரு கிளைப்பாதை பெயர்க்கப்படுவதால் அவ்வட்டி குறையாது. இழப்பு முழுவதும் பள்ளத்தாக்கின் உழவர், வணிகர், பயணியர் ஆகியோருக்கே. 1944 ஏப்ரல் 1 அன்று நிர்வாகத்தையும் அரசு ஏற்றது. பெயர்க்கப்பட்ட பாதை 1950களில் மீண்டும் அமைக்கப்பட்டது. பின்னர் அகலப்பாதையாக்கும் பொருட்டு 2010 டிசம்பர் 31உடன் வண்டிகள் நின்றன. தேனிக்கு 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூன் மாதமுமே ரயில் திரும்பியது. மதுரை – தேனிப் பகுதிக்கு மட்டும் ரூ.500 கோடிக்கு மேல் செலவாயிற்று. ஆதாயத்தை எதிர்நோக்கும் எந்தப் பங்குதாரரும் பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறு காத்திருக்கமாட்டார். கம்பம், கூடலூர்ப் பகுதிகளுக்கு இன்றும் ரயில் இல்லை. அவற்றை இணைக்கக் கோரும் குரல்கள் எழும்போதெல்லாம் எதிர்பார்க்கும் வருவாய் விகிதமே தடையாக முன்வைக்கப்படுகிறது. வருவாயைப் பொருட்படுத்தாமல் இலண்டனுக்கு வட்டி வழங்கிய மரபின் மறுபக்கம் இது.

இன்றைய பங்குகள்

உத்தரவாத முறை சட்டப்படி மறைந்தாலும் அதன் சாயல் எஞ்சியுள்ளது. இந்திய ரயில்வே நிதி நிறுவனம் கடன் திரட்டிப் பெட்டிகளையும் எஞ்சின்களையும் வாங்கி அமைச்சகத்திற்குக் குத்தகைக்கு விடுகிறது. கடன் செலவோடு ஒரு சிறு இலாப விளிம்பும் குத்தகைத் தொகையில் அடங்கும். வண்டியில் கூட்டம் இருப்பினும் இல்லாவிடினும் இவ்வருவாய் மாறாது. 2021 ஜனவரியில் ரூ.26க்கு வெளியான இதன் பங்கு ஈராண்டுக்கும் மேலாக ரூ.40ஐத் தாண்டவில்லை, 2024 ஜூலையில் ரூ.200ஐக் கடந்து, பின்னர் சரிந்தது. நிறுவனத்தின் ஆண்டு இலாபமோ 2020–21இல் சுமார் ரூ.4,400 கோடி, 2023–24இல் சுமார் ரூ.6,400 கோடி. இலாபம் ஒன்றரை மடங்கைக்கூட எட்டாதபோது விலை எட்டு மடங்காயிற்று. கடன் பத்திரத்தின் இயல்புடைய வருவாய்க்கு வளர்ச்சிப் பங்கின் விலை கொடுக்கப்பட்டது எனலாம்.

அரசுறவின் மறுமுகத்தை ஐ.ஆர்.சி.டி.சி. காட்டியது. இணையவழி முன்பதிவுக் கட்டணத்தில் பாதியைத் தமக்குத் தருமாறு 2021 அக்டோபர் 28 அன்று அமைச்சகம் பணித்தது. மறுநாள் பங்கின் விலை கால் பங்கிற்கு மேல் வீழ்ந்தது. அன்றே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஒரே சுற்றறிக்கையால் அந்நிறுவன வருவாயின் ஒரு பகுதி பறிபோகவும் திரும்பவும் இயலும் என்பது இதனால் தெளிவாயிற்று.

முடிவுரை

இருப்புப்பாதைப் பங்கு நல்ல முதலீடா என்னும் வினாவிற்கு வரலாறு நிபந்தனையோடு விடை தருகிறது. வட்டி உறுதியாக இருந்தவரை உத்தரவாதப் பங்கு நல்ல கடன் பத்திரமாக விளங்கியது. போக்குவரத்தை மட்டும் நம்பிய பாதைகள் காஞ்சிபுரத்தில் உருமாறின, குண்டளையில் அழிந்தன. இன்றைய பங்குகளும் அரசு என்னும் ஒற்றை வாடிக்கையாளரையே பெரிதும் சார்ந்துள்ளன. ஆதலால் நீண்டகால முதலீட்டாளர் முதலில் ஆராய வேண்டியவை ஒப்பந்த விதிகளும், அவற்றை மாற்றும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதும், அவ்வருவாய்க்குத் தாம் கொடுக்கும் விலையுமே ஆகும்.

பாதையின் பயனும் பங்கின் ஆதாயமும் ஒன்றல்ல என்பதைப் போடித் தடம் உணர்த்துகிறது. ஈவுத்தொகை எதனையும் ஈட்டித் தராத அப்பாதை, வணிகத்திற்கும் கல்விக்கும் மருத்துவத்திற்கும் மதுரை செல்வோருக்குப் பயன் தருகிறது. அப்பயன் எந்தப் பங்கின் விலையிலும் பதிவாவதில்லை. கம்பம் வரையிலான பாதையின் தேவையைக் கணிப்போர் அதனையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.