ஸ்கர்வி

ஸ்கர்வி, உணவில் வைட்டமின் சி பல வாரங்கள் தொடர்ந்து கிடைக்காததால் வரும் நோய். ஈறு வீங்கி ரத்தம் கசிவது, மயிர்க்கால்களைச் சுற்றிச் செம்புள்ளிகள், மூட்டுவலி, ஆறாத புண், எழுந்து நடக்கவும் முடியாத சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். பாடநூல்களில் வைட்டமின் அத்தியாயத்தில் இடம்பெற்றாலும், திசுவுக்குள் நடப்பதை வைத்துப் பார்த்தால் இதைக் கொலாஜன் நோய் என்பதே பொருத்தம்.

எலும்பு, தோல், தசைநாண், ரத்தக்குழாய்ச் சுவர் ஆகியவற்றுக்கு உறுதி தரும் புரதம் கொலாஜன். மூன்று சங்கிலிகள் முப்புரிக் கயிறுபோல் முறுக்கிக்கொண்ட அமைப்பு இது. சங்கிலியில் மூன்றில் ஓர் அமினோ அமிலம் கிளைசின். முறுக்கின் நடுவே உள்ள நெருக்கடியான இடத்தில் அது மட்டுமே அடங்கும். மற்ற இடங்களில் புரோலின் நிறைய வரும். சங்கிலி உருவான பின், செல்லுக்குள்ளேயே, அந்தப் புரோலின்கள் பலவற்றில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி சேர்க்கப்படுகிறது. இதைச் செய்யும் நொதி புரோலைல் ஹைட்ராக்சிலேஸ். அதன் மையத்திலுள்ள இரும்பு ஃபெரஸ் நிலையில் இருந்தால்தான் நொதி இயங்கும். இரும்பு ஆக்சிகரணமடையும்போதெல்லாம் அதை மீட்டுத் தருவது வைட்டமின் சியின் பணி.

ஹைட்ராக்சில் சேராத கொலாஜன் சுமார் 24 டிகிரி செல்சியசிலேயே முறுக்கவிழ்ந்துவிடும். உடலின் வெப்பமோ 37 டிகிரி. எனவே புதிய கொலாஜனின் பெரும்பகுதி உருப்பெறாமலே செல்லுக்குள் சிதைகிறது. லைசின் என்ற அமினோ அமிலத்திலும் இதே வேலை தடைபடுவதால், வெளியே வரும் கொஞ்சநஞ்ச இழைகளுக்கும் குறுக்குப்பிணைப்புகள் போதுமான வலுவோடு அமைவதில்லை.

பழைய கொலாஜன் உடனே கெட்டுவிடுவதில்லை. அதனால் வேகமாகச் சிதைந்து புதுப்பிக்கப்படும் இடங்களே முதலில் அடிபடுகின்றன. பல்லை எலும்போடு பிணைக்கும் நார்கள் அப்படிப்பட்டவை. பல் ஆடுவது இதனால்தான். பல்லே இல்லாதவர்களுக்கு ஈறு வீக்கம் பொதுவாக வருவதில்லை. தழும்பும் ஓயாமல் புதுப்பிக்கப்படும் திசு. 1740இல் புறப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஆன்சனின் கடற்பயணத்தில், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பாய்ன் போரில் காயம்பட்டிருந்த ஒருவருக்கு ஆறிப்போன புண்கள் மீண்டும் திறந்துகொண்டன; கூடியிருந்த எலும்பும் பிரிந்தது.

1747இல் சாலிஸ்பரி கப்பலின் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதமான மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைந்து தேறினர். ஆனால் அவர் பிற்பாடு பரிந்துரைத்தது காய்ச்சிச் சுண்டவைத்த சாறு. அந்தச் சூட்டில் வைட்டமினின் பெரும்பகுதி அழிந்துபோனது. பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறைப்படி வழங்கத் தொடங்கியது 1795இல்தான். நோயைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்து அடையாளம் கண்டதில் முக்கியப் பங்கு ஆல்பர்ட் செண்ட்-ஜியார்ஜியுடையது. அவருக்கு 1937இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஆடு, மாடு, நாய் போன்றவை வைட்டமின் சியைக் குளுக்கோசிலிருந்து கல்லீரலில் தாமே தயாரித்துக்கொள்கின்றன. மனிதர், குரங்கு, கினிப்பன்றி ஆகியோருக்கு அந்தத் தயாரிப்பின் கடைசி நொதிக்கான மரபணு பழுதுபட்டுவிட்டது. மனித உடலின் இருப்பு ஏறக்குறைய 1,500 மில்லிகிராம். அது 300 அளவுக்குக் குறையும்போது அறிகுறிகள் தலைகாட்டும். அமெரிக்க அறுவைசிகிச்சை மருத்துவர் ஜான் கிராண்டன் 1939இல் பழமும் காய்கறியும் தவிர்த்துத் தம்மையே சோதித்துக்கொண்டார். சுமார் ஆறு வாரங்களில் அவரது ரத்த பிளாஸ்மாவில் வைட்டமின் சி அளவிட முடியாத நிலைக்குப் போய்விட்டது. தோலில் மாற்றம் தெரிய நான்கு மாதங்களுக்கு மேலாயிற்று. மூன்றாம் மாதம் முதுகில் போட்ட கீறல் சரியாக ஆறியது. ஆறாம் மாதம் போட்டதோ மேல்தோல் மூடியும் உள்ளே கூடவில்லை.

குழந்தைகளிடம் இந்நோயை அடையாளம் காண்பது கடினம். எலும்புறைக்கு அடியில் ரத்தம் கசிவதால் குழந்தை காலைத் தவளைபோல் மடக்கி வைத்திருக்கும், தொட்டாலே வீறிடும். இதை ரிக்கெட்ஸ் என்றோ பக்கவாதம் என்றோ தவறாகக் கொள்வதுண்டு. ஆங்கில மருத்துவர் தாமஸ் பார்லோ 1883இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். இன்று தனியே வாழும் முதியோர், மதுவுக்கு அடிமையானோர், ஓரிரு உணவை மட்டுமே ஏற்கும் ஆட்டிசக் குழந்தைகள் ஆகியோரிடம் ஸ்கர்வி காணப்படுகிறது.

பிறவிக் கொலாஜன் நோய்கள் வேறு வகை. எளிதில் எலும்பு முறியும் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டாவில் பெரும்பாலும் கிளைசின் இருக்கவேண்டிய இடத்தில் வேறு அமினோ அமிலம் அமர்ந்துவிடுகிறது. எலர்ஸ்-டான்லஸ் நோயின் ஒரு வகையில் லைசைல் ஹைட்ராக்சிலேஸ் நொதியே பழுது. இவற்றில் உணவை மாற்றிப் பழுதை நீக்க முடியாது.

ஸ்கர்வி அப்படியல்ல. நாளொன்றுக்குச் சுமார் 10 மில்லிகிராம் வைட்டமின் சி கிடைத்தாலே நோய் வராது. ஒரு நடுத்தரக் கொய்யாவில் அதைப்போல் பல மடங்கு உண்டு. நோய் கண்டபின் மாத்திரையாகக் கொடுத்தால் சோர்வும் வலியும் ஓரிரு நாளில் தணியும். ஈறு தேறச் சில வாரங்களும், முழுக் குணமாக ஏறத்தாழ மூன்று மாதங்களும் ஆகும். விழுந்த பல் மட்டும் திரும்ப முளைக்காது.